போடன்சேக் குடம்

ஃபிங்கன்சே ஏரியின் படகுத்துறையில் வேணுஜாவைத் தாண்டிக்கொண்டு ஒரு துடுப்புகூடத் தண்ணீரைத் தொட முடியாது. அவளோடு வாய்த்தர்க்கம் பண்ணித் தோற்ற பவேரியர்கள் பத்துப் பேராவது இதற்குச் சாட்சி சொல்லுவார்கள். படகைச் சுற்றி வந்து தலையாட்டிவிட்டுப் போகிற ஆள் இல்லை அவள். புல்லில் முழங்காலை ஊன்றி, கையுறையைக் கழற்றி, படகின் அடிப்பக்கத்தை வெறும் விரலால் அங்குலம் அங்குலமாகத் தடவுவாள். வழவழப்பாக இருந்தால் போகலாம். மண் ஒட்டியதுபோல எங்காவது சொரசொரத்தால் அந்தப் படகு வந்த வழியே வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.

அந்தச் சொரசொரப்பின் பெயர் குவாகா மட்டி. கருங்கடல் பக்கத்திலிருந்து கப்பல்களைப் பிடித்துக்கொண்டு ஐரோப்பா முழுக்கக் குடியேறிய சின்ன மட்டி. போடன்சே என்கிற அந்தப் பெரிய ஏரிக்குள் அதைக் கண்டுபிடித்துப் பத்து வருடம்தான் ஆகிறது. அதற்குள் அடித்தளமெல்லாம் பாய் விரித்துவிட்டது. தண்ணீர்க் குழாய்க்குள் வளர்ந்து அடைக்கும், மீன்குஞ்சு தின்னவேண்டியதையெல்லாம் தானே வடித்துத் தின்னும். ஒரு ஏரிக்குள் வந்துவிட்டால் பிறகு துரத்த இன்றுவரை ஒருவருக்கும் வழி தெரியாது.

ஃபிங்கன்சேக்குள் அது இன்னும் வரவில்லை. பதினொரு இடத்தில் கயிறு தொங்கவிட்டு, மாதம் ஒருமுறை இழுத்துப் பார்க்கிறவள் வேணுஜா. ஒவ்வொரு முறை கயிறு வெறுமையாக மேலே வரும்போதும் அவளுக்கு நெஞ்சு நிறைந்துபோகும். ஆறு கிலோமீட்டர் நீளத் தண்ணீர், பனிமலை உருகி வந்தது, இத்தனை ஆயிரம் வருடமாகத் தன்பாட்டில் இருக்கிறது, அதன் வாசலில் தான் ஒருத்தி நிற்கிறாள் என்று நினைத்தால் இப்போதும் அவளுக்கு உடம்பு சிலிர்க்கும். சம்பளம் கொடுக்கிற மாவட்ட அலுவலகத்துக்கு இது தெரியாது. தெரிந்திருந்தால் சம்பளத்தைக் குறைத்திருப்பார்கள்.

தாய் மகாதேவியின் கணக்கு வேறு. உயிரியலில் பட்டம் எடுத்த பிள்ளை ஏன் படகு தடவுகிறாள் என்பது அவளுக்கு விளங்கவே இல்லை. யாராவது கேட்டால் "மகள் ஏரியில வேலை" என்பாள். ஏரியில் என்ன வேலை என்று அடுத்த கேள்வி வருவதற்குள் தேத்தண்ணி போட எழும்பிவிடுவாள்.

மகாதேவிக்கு ஒரு நேர்த்திக்கடன் பாக்கி இருந்தது. வேணுஜா ஏழாம் மாதத்திலேயே அவசரப்பட்டுப் பிறந்தவள். ஆஸ்பத்திரியில் முப்பத்தெட்டு நாள் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தாள். பிள்ளை தப்பினால் அம்பாளோடு தீர்த்தமாடுவேன், மூன்று தரம் முழுகுவேன் என்று பெட்டிக்கு வெளியே நின்று மகாதேவி நேர்ந்துகொண்டாள். அப்போது அந்தப் பக்கத்தில் கோயிலும் இல்லை, தீர்த்தமும் இல்லை. பிறகு தொழிற்பேட்டையில், டயர்க் கடைக்கும் கம்பளக் கிட்டங்கிக்கும் நடுவில் அம்மன் கோயில் வந்தது. தீர்த்தத் திருவிழா மட்டும் வருடா வருடம் வாகனத் தரிப்பிடத்தில், காற்றடித்துப் பெரிதாக்குகிற குழந்தைகளின் நீச்சல் தொட்டிக்குள் நடந்தது. தொட்டியைச் சுற்றி நீல டொல்பின்கள் சிரித்துக்கொண்டிருக்கும். "உந்த டொல்பினுக்குள்ள என்ர நேர்த்தியைத் தீர்க்க ஏலாது" என்று மகாதேவி பதினான்கு வருடமாகக் கரையிலேயே நின்றாள்.

அந்த வைராக்கியத்தைப் பார்த்துத்தான் வேணுஜா பேனாவை எடுத்தாள். ஃபிங்கன்சே ஏரியில் ஒரு நாள், பகல் பத்து மணியிலிருந்து பன்னிரண்டு மணிவரை, ஒரு படகு, நூறு பேர் என்று அன்ட்ராக் எழுதிப் போட்டாள். அந்த விண்ணப்பம் மூன்று வருடம் மேசை மேசையாக அலைந்து கடைசியில் சரி என்று திரும்பி வந்தது. நிபந்தனைப் பட்டியலையும் அலுவலகம் அவளையே எழுதச் சொன்னது. மாலை, கற்பூரம், பிளாஸ்டிக், சவர்க்காரம் ஒன்றும் தண்ணீரில் விழக்கூடாது. வேறு ஏரியில் இறங்கிய படகு, கயிறு, துடுப்பு, செருப்பு எதுவும் கழுவிக் காயாமல் வரக்கூடாது. எழுதி முடித்துவிட்டு இரண்டு தரம் வாசித்தாள். ஒன்றும் விடுபடவில்லை என்று நினைத்தாள்.

படகு போடன்சேக் கரையிலிருந்த ஒரு தமிழரிடம் இரவல் வாங்கியது. அது ஒன்று போதும் வேணுஜாவுக்கு நித்திரை கெட. கொதிநீரால் கழுவச் சொன்னாள், ஒரு மாதம் வெயிலில் கவிழ்த்து வைக்கச் சொன்னாள். தீர்த்தத்துக்கு முதல் நாள் வந்து ஒன்றரை மணி நேரம் தடவிப் பார்த்தாள். கோயில் தலைவர் ஸ்ரீஸ்கந்தராஜா பொறுமையிழந்து, "பிள்ளை, பொம்பிளை பாக்க வந்த மாமிகூட இவ்வளவு பாக்கமாட்டா" என்றார். அவள் சிரிக்காமல் படகில் முத்திரையை ஒட்டினாள்.

மறுநாள் காலை வானம் கழுவித் துடைத்ததுபோல இருந்தது. மூன்று பஸ்ஸில் சனம் வந்து இறங்கியது. தவில் முழங்க, நாதஸ்வரம் மலைவரை போய்த் திரும்பி வந்தது. நடக்க வந்த ஜெர்மன்காரர்கள் தடிகளை ஊன்றியபடி வாயைத் திறந்து நின்றார்கள். பட்டுடுத்து மாலைக்குள் இருந்த அம்பாளைப் படகில் ஏற்றியபோது, வேலை உடுப்போடு துறையில் நின்ற வேணுஜாவுக்குக் கண் கலங்கியது. தன் ஏரியும் தன் சனமும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிற நாள் வரும் என்று அவள் நினைத்ததே இல்லை.

அப்போது தலைவர் ஒலிவாங்கியைப் பிடித்தார். அவர் கையில் ஒலிவாங்கி கிடைத்தால் லேசில் திரும்பி வராது.

"அன்பான அடியார்களே! இம்முறை எங்கட அம்பாளுக்கு இந்த நாட்டின்ர ஒன்பது தீர்த்தங்களால அபிஷேகம். ரைன் நதி, டோனாவ் நதி, எல்பே நதி... எல்லாத்துக்கும் மேலாக, இண்டைக்கு விடியக் காலமை மகாதேவி அக்கா ரெண்டு மணித்தியாலம் கார் ஓடிப்போய் எடுத்து வந்த போடன்சேத் தீர்த்தம்! ஒன்பது குடத்தையும் ஏரியின்ர நடுவில..."

மிச்சம் வேணுஜாவின் காதில் விழவில்லை. பஸ் பக்கமிருந்து ஒன்பது பெண்கள் தலையில் குடத்தோடு வரிசையாக வந்துகொண்டிருந்தார்கள். முன்னுக்கு வந்தவள் அவளுடைய அம்மா.

குவாகா மட்டி முட்டையிலிருந்து வந்த புதிதில் எதிலும் ஒட்டாது. கண்ணுக்குத் தெரியாத குஞ்சாகத் தண்ணீரோடு நீந்தித் திரியும். இதைப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் படம் போட்டு விளக்குகிறவளே அவள்தான். படகைத் தடவினாள், கயிற்றை முகர்ந்தாள், செருப்பைப் புரட்டினாள். குடத்தை நினைக்கவே இல்லை. குடம் என்றால் அவளுக்குக் கோயில். கோயில் சாமானைச் சோதிப்பது என்கிற எண்ணமே புத்தியில் எழவில்லை. அலுவலகத்து ஜெர்மன்காரனுக்கோ தண்ணீருக்குள் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றுவார்கள் என்று கனவிலும் தெரியாது.

அவள் ஓடிப்போய் வரிசைக்குக் குறுக்கே நின்றாள்.

"அம்மா, நில்லுங்கோ. குடம் தண்ணிக்குக் கிட்டப் போகக் கூடாது."

மகள் பகிடி விடுகிறாளாக்கும் என்று மகாதேவி நினைத்தாள். முகத்தைப் பார்த்ததும் அப்படி இல்லை என்று தெரிந்தது. "என்ன பிள்ளை விசர்க்கதை? வழியை விடு. குடத்தை இடையில இறக்கக் கூடாது."

தவில் நின்றது. தலைவர் ஒலிவாங்கியோடே வந்தார். "பிள்ளை, மூண்டு வருஷம் அலைஞ்சு எடுத்த டெர்மின். பன்னிரண்டு மணிக்கு முடிஞ்சிடும். படகைத்தானே சோதிக்கோணும் எண்டனீர்? சோதிச்சாச்செல்லோ?"

"பிழை என்னிலதான் மாமா. தண்ணியை நான் யோசிக்கேல்லை."

"தீர்த்தத்தில அழுக்கு எண்டு சொல்லுறீரோ?"

அந்தக் கேள்வி ஒலிபெருக்கி வழியாக நூறு பேருக்கும் கேட்டது. வேணுஜாவுக்கு முகம் சுட்டது. கூட்டத்துக்குள் யாரோ "ஜெர்மன்காரியாகவே மாறிட்டாள்" என்றார்கள். படகிலிருந்த வாசுதேவக் குருக்கள் மணியைக் கீழே வைத்துவிட்டு இறங்கி வந்தார்.

"அந்தத் தண்ணிக்குள்ள என்ன இருக்கு பிள்ளை?"

"இருக்கோ இல்லையோ தெரியாது ஐயா. பாத்தால்தான் சொல்லலாம்."

"எவ்வளவு நேரம் எடுக்கும்?"

"கால் மணித்தியாலம்."

குருக்கள் சூரியனைப் பார்த்தார், பிறகு கைக்கடிகாரத்தையும் பார்த்தார். "பாரும். கும்பத்துத் தண்ணியை வஸ்திரத்தில வடிச்சு எடுக்கிறதுதான் முறை. நீர் உம்மட வஸ்திரத்தில வடியும்."

காவல் குடிசைக்குள் ஒரு மேசை, ஒரு நுண்ணோக்கி, சல்லடைகளிலேயே மெல்லிய பட்டுச் சல்லடை ஒன்று. மகாதேவி குடத்தை யார் கையிலும் கொடுக்காமல், தானே சரித்து ஒரு பெரிய வாளிக்கு மேலே பிடித்த சல்லடையில் ஊற்றினாள். முகம் இறுகியிருந்தது. குடம் முழுதும் வடிந்த பிறகு சல்லடையின் அடியில் ஒரு கரண்டித் தண்ணீர் மிஞ்சியது. வேணுஜா அதில் ஒரு துளியைக் கண்ணாடித் தட்டில் விட்டுக் குனிந்தாள்.

துள்ளித் திரிகிற நீர்ப்பூச்சிகள் இருந்தன. பாசித் துண்டுகள் இருந்தன. வேறொன்றும் இல்லை.

"ஒண்டும் இல்லைத்தானே?" என்றார் தலைவர்.

இரண்டாவது துளியிலும் இல்லை. மூன்றாவதிலும் இல்லை. ஒன்றுமே இல்லாமல் போய்விடக்கூடாதா என்று ஒரு மனமும், இல்லாமல் போனால் இத்தனை பேருக்கு முன்னால் என்ன செய்வது என்று இன்னொரு மனமும் அவளைப் பிய்த்தன. நான்காவது துளியைத் தட்டில் விட்டாள். இந்த முறை நுண்ணோக்கியில் ஒளியை வடிகட்டுகிற இரண்டு கண்ணாடிகளையும் ஒன்றுக்கொன்று குறுக்காகத் திருப்பினாள். அப்படித் திருப்பினால் பாசியும் பூச்சியும் எல்லாம் இருளில் மறைந்துபோகும். சுண்ணாம்பால் ஓடு கட்டுகிறவை மட்டும் ஒளிவிடும்.

இருட்டுக்குள் ஏழு வெளிச்சங்கள் மிதந்தன.

ஒவ்வொன்றும் நாலு இதழ் விரித்த பூவாக இருந்தது. இதழ்களுக்கு நடுவில் கறுப்பாக ஒரு சிலுவை. மெல்லச் சுழன்றபடி, ஒன்றையொன்று முட்டாமல், ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத அந்த உயிர்கள் தங்கள் பாட்டில் போய்க்கொண்டிருந்தன. ஆய்வுகூடத்தில் எத்தனையோ தடவை பார்த்தவள்தான். என்றாலும் தட்டை அசைக்காமல் இன்னும் குனிந்தாள். எவ்வளவு அழகு, எவ்வளவு கிட்ட வந்துவிட்டன! கதவுக்கு வெளியே அறுபது அடி தூரத்தில் ஏரி கிடந்தது.

அவள் எழும்பிக் குருக்களுக்கு இடம் விட்டாள்.

குருக்கள் கண்ணாடியைக் கழற்றினார், திரும்பப் போட்டார், திரும்பக் கழற்றினார். கடைசியில் குனிந்தவர் நிமிரவே இல்லை. வெளியில் குழந்தைகள் கத்துவதும் தவில்காரர் இருமுவதும் கேட்டன. அவர் நிமிர்ந்தபோது முகம் வேறாக இருந்தது.

"நாப்பது வருஷமாக் கும்பத்துக்கு முன்னால இருந்து கங்கையே வா, யமுனையே வா எண்டு கூப்பிடுறன்" என்றார். "வந்து இருந்தவை ஆரெண்டு இண்டைக்குத்தான் பாக்கிறன்."

அடுத்து மகாதேவி. அவளுக்கு நுண்ணோக்கியில் எந்தக் கண்ணை மூடுவது என்று தெரியவில்லை. வேணுஜா தாயின் தலையைப் பிடித்து மெல்லச் சரியான இடத்துக்குக் கொண்டுவந்தாள்.

"ஐயோ" என்றாள் மகாதேவி மிக மெதுவாக. "உதுகள் உயிரோட இருக்கோ?"

"ஓம் அம்மா."

"என்ர குடத்துக்குள்ளயோ?"

"உங்கட குடத்துக்குள்ளதான். இந்தத் துளியில ஏழு. குடத்தில நூற்றுக்கணக்கில இருக்கலாம். வளர்ந்தால் ஒண்டு ஒரு வருஷத்தில லட்சக்கணக்கில முட்டை போடும்."

மகாதேவி இன்னும் பார்த்துக்கொண்டிருந்தாள். "வடிவாயெல்லோ இருக்கு."

"வடிவுதான். அதுகளில ஒரு குற்றமும் இல்லை. ஆனால் இந்த ஏரிக்குள்ள விழுந்தால் ஏரி முடிஞ்சுது அம்மா. பிறகு ஆராலும் ஒண்டும் செய்ய ஏலாது."

மகாதேவி நிமிர்ந்து மகளைப் பார்த்தாள். இத்தனை வருடமும் பார்க்காத ஒரு பார்வை அது. "நீ ஒவ்வொரு படகிலயும் இதைத்தான் தேடுறனியோ?"

"ஓம்."

"எனக்கு ஆரும் சொல்லேல்லையே" என்றாள் மகாதேவி. வேணுஜா ஆயிரம் தடவை சொல்லியிருந்தாள்.

தலைவரும் பார்த்தார். பார்த்துவிட்டு ஒலிவாங்கியை அணைத்தார். கோயில் வரலாற்றில் அது முதல் தடவை.

குருக்கள் வெளியே வந்து முடிவைச் சொன்னார். ஒன்பது குடத்துத் தண்ணீரும் காலில் மிதிபடாத இடத்தில், மேட்டிலுள்ள பெரிய மரத்தடியில் ஊற்றப்படும். வாளியில் வடிந்ததும் அங்கேதான் போகும். அம்பாளுக்கு இந்த ஏரியின் தண்ணீரே அபிஷேகம். "எல்லாத் தீர்த்தத்தையும் கொண்டுவந்து ஏரிக்குள்ள விட வெளிக்கிட்டம். உனக்கு விருப்பமோ எண்டு ஏரியை ஆரும் கேட்டனாங்களோ?"

ஆனால் காலிக் குடத்தின் உள்பக்கமும் ஈரம்தான். வேணுஜா அதையும் விடவில்லை. தேத்தண்ணிக்கென்று பெரிய பாத்திரத்தில் கொதித்துக்கொண்டிருந்த தண்ணீர் முழுவதையும் வாங்கிக் குடங்களை உள்ளும் வெளியும் அலசினாள், நுண்ணோக்கித் தட்டையும் சல்லடையையும் வாளியையும்கூட அலசினாள். தேத்தண்ணி இல்லாமல் போனதுதான் அன்றைக்குக் கூட்டத்தின் பெரிய முறைப்பாடு. மகாதேவியும் மற்ற எட்டுப் பேரும் மேட்டில் ஏறி, அலசிய தண்ணீரையும் மரத்தடியில் ஊற்றிவிட்டு வந்தபோது பதினொன்றரை ஆகிவிட்டது.

படகு புறப்பட்டது. கரையிலிருந்து இருபது அடி தூரத்தில், தண்ணீர் பச்சையிலிருந்து கரு நீலமாகிற இடத்தில் நின்றது. குருக்கள் ஏரித் தண்ணீரை மொண்டு, அம்பாளுக்குப் பதிலாக முழுகுகிற சின்னச் சூலமான அஸ்திரதேவருக்கு வார்த்தார். பிறகு அஸ்திரதேவரை இரண்டு கையாலும் பிடித்துத் தண்ணீருக்குள் முழுக்கினார். நூறு தொண்டையும் ஒன்றாக அரோகரா என்றன. மலை அதைத் திருப்பிச் சொன்னது. சனம் முழுதும் கரையிலிருந்து தண்ணீருக்குள் இறங்கியது. வேட்டியும் சேலையும் ஏரியில் விரிந்தன. குளிரில் கிழவர்களும் குழந்தைகள்போலக் கூச்சலிட்டார்கள்.

"மகாதேவி அக்கா, இறங்குங்கோ! உங்களுக்காகத்தானே வந்தது!"

மகாதேவி தண்ணீர் ஓரத்தில் நின்றாள். கால் விரலுக்கும் ஏரிக்கும் இடையில் ஒரு சாண்தான் இருந்தது. கைகளைத் தலைக்கு மேல் கூப்பினாள், கண்ணை மூடினாள். பிறகு கையைக் கீழே விட்டுவிட்டு ஒரு அடி பின்னால் வைத்தாள். இன்னொரு அடியும் வைத்தாள். திரும்பிக் குடிசைப் பக்கம் நடந்து வந்தாள்.

வேணுஜா ஓடிப்போனாள். "என்னம்மா? மயக்கமோ?"

"இல்லைப் பிள்ளை. காலமை குடம் நிரப்ப முதல் நான் போடன்சேக்குள்ள முழுகினனான். குடம் எடுக்கிற ஆள் முழுகித்தானே எடுக்கோணும். இந்தச் சேலையோடதான்." அவள் சேலைக் கொய்யகத்தின் மடிப்பைப் பிடித்துப் பிழிந்தாள். இரண்டு சொட்டுப் புல்லில் விழுந்தது. "கொண்டையும் இன்னும் காயேல்லை. இதுக்குள்ளயும் அந்தப் பூக்கள் இருக்குமோ?"

வேணுஜாவுக்குப் பொய் சொல்ல ஆசையாக இருந்தது. சேலையில் இரண்டு சொட்டு ஈரம், அதில் ஒன்றும் இராமலும் போகலாம். ஒருவரும் கேட்டிருக்கமாட்டார்கள். அவளே கேட்கவில்லை. குடத்தைச் சோதித்தவள் குடம் சுமந்தவளைச் சோதிக்கவில்லை.

"இருக்கலாம் அம்மா."

"அப்ப நான் இறங்கேல்லை" என்றாள் மகாதேவி. "உன்ர ஏரி. வேற சேலையும் கொண்டு வரேல்லை. வாற வருஷம் பாப்பம்."

வருகிற வருடம் அனுமதி கிடைக்குமா என்று இருவருக்கும் தெரியாது. இருபத்தேழு வருடம் காத்திருந்த பெண், யாருக்கும் தெரியப்போகாத இரண்டு சொட்டுத் தண்ணீருக்காக ஒரு சாண் தூரத்தில் திரும்பிவிட்டாள். வேலைக்கு வந்த நாளிலிருந்து இந்த ஏரியைத் தான் ஒருத்திதான் காவல் காப்பதாக வேணுஜா நினைத்துக்கொண்டிருந்தாள். அழகாக எதையாவது சொல்லத் தெரியாமல், "இந்தப் புல்லில இருங்கோ, அங்கால இங்கால அசையாதேங்கோ" என்று அதட்டிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

உடுப்போடு மார்பளவு தண்ணீருக்குள் இறங்கிப் படகுக்குப் பக்கத்தில், அஸ்திரதேவர் முழுகிய அதே இடத்தில் வாளியை அமிழ்த்தினாள். குருக்கள் குடிசைப் பக்கத்துப் புல்லில் தனியாக இருந்த மகாதேவியைப் பார்த்தார், இவளைப் பார்த்தார். அம்பாளின் பாதத்திலிருந்த ஒரு பூவை எடுத்து வாளிக்குள் போட்டார்.

குடிசைக்குப் பின்னால் நிலம் ஏரிக்கு எதிர்ப்பக்கமாகச் சரிகிறது. வேணுஜா தாயை அங்கே கூட்டிப்போக, மகாதேவி சம்மணமிட்டுக் கண்ணை மூடி இருந்தாள். வேணுஜா வாளியை உயர்த்தித் தாயின் தலையில் ஊற்றினாள். பனிமலைத் தண்ணீர் உச்சியில் பட்டதும் மகாதேவி ஒரு பெரிய மூச்சை இழுத்து, படகுவரை கேட்கிறமாதிரி "அரோகரா!" என்று கத்தினாள். தண்ணீர் கொண்டையை அவிழ்த்துக்கொண்டு முதுகால் இறங்கி மண்ணுக்குள் போனது. வேணுஜா குனிந்து நின்று அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கவனமாகப் பார்த்தாள். ஏரிப் பக்கம் ஒரு சொட்டும் போகவில்லை.

"காணுமோ அம்மா?"

நடுங்கிக்கொண்டிருந்த மகாதேவி ஒரு கண்ணை மட்டும் திறந்தாள்.

"எங்க காணும்? மூண்டு தரம் எண்டெல்லோ நேர்ந்தனான். ஓடு!"

வேணுஜா வாளியைத் தூக்கிக்கொண்டு திரும்ப ஏரிக்கு ஓடினாள்.